ஒரே நெருப்பு... ஊருக்கு ஒரு சட்டம்!

மாலை நேரம். குளிர் மெல்லப் பரவுகிறது. வீட்டின் பின்புறம், புல்தரையின் நடுவே, கல் அடுக்கிய ஒரு வட்டக் குழி. அதிலே விறகு எரிகிறது. சுற்றிலும் நாற்காலிகள். தாத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குழந்தைகள் நீண்ட குச்சியின் நுனியில் பஞ்சு போன்ற வெள்ளை மிட்டாயைச் செருகி, தணலில் வாட்டித் தின்கிறார்கள். அப்பா கதை சொல்கிறார்.

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் இந்தக் காட்சியைக் காணலாம். அந்தக் குழிக்கு 'நெருப்புக் குழி' என்று பெயர். கல்லால் கட்டிய குழியும் உண்டு. கடையில் வாங்கும் இரும்புச் சட்டி போன்றதும் உண்டு.

"இதில் என்ன அதிசயம்? நம் ஊரில் மார்கழிக் குளிரில் தெருவோரம் சருகைக் குவித்துக் குளிர்காய்வது போலத்தானே?" என்று கேட்பீர்கள்.

அதைப் போலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். அந்த நெருப்புக்கு அங்கே சட்டம் உண்டு. அந்தச் சட்டமும் ஊருக்கு ஊர் மாறும்! ஓர் ஊரில் குற்றமில்லாத நெருப்பு, எல்லைக் கோட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போனால் குற்றமாகிவிடும்.

இரண்டு ஊரிலும் நெருப்பு ஒன்றுதான். விறகும் ஒன்றுதான். பிறகு ஏன் இரண்டு சட்டம்?

யார் வகுத்த விதி?

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே நெருப்புச் சட்டம் கிடையாது. 'சர்வதேச விதிக் குழு' என்று ஓர் அமைப்பு அங்கே இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தொடங்கியது. அது ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி வெளியிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்திப் புதிதாக வெளியிடுகிறது.

இது மாதிரிதான். இதை ஏற்றுக்கொள்ளலாம், ஏற்காமலும் விடலாம். ஒரு மாநிலமோ, நகரசபையோ ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது அந்த இடத்தில் சட்டமாகிறது. ஏற்கும்போது தங்கள் ஊருக்கு வேண்டியபடி கூட்டுவார்கள்; குறைப்பார்கள். வீடுகள் நெருங்கிய ஊர் கடுமையாக்கும். வீடுகள் விலகி நிற்கும் ஊர் கொஞ்சம் தளர்த்தும்.

தையற்காரர் ஒரே துணியில் ஆளுக்கொரு அளவில் சட்டை தைக்கிறார் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

அளவு என்ன?

மாதிரிச் சட்டம் என்ன சொல்கிறது?

பொழுதுபோக்குக்காக மூட்டும் நெருப்பில் விறகு அடுக்கும் இடத்தின் குறுக்களவு 3 அடிக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் இரண்டு முழம். விறகின் உயரம் 2 அடிக்கு மேல் கூடாது. இந்த நெருப்பு எந்தக் கட்டடத்துக்கும் 25 அடிக்குள் இருக்கக் கூடாது. காற்றில் பறக்கும் தீப்பொறி கூரையில் போய் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இடைவெளி.

அதைவிடப் பெரிய நெருப்பு என்றால் 50 அடி தள்ளி இருக்க வேண்டும்.

கடையில் வாங்கும் இரும்புச் சட்டிக்கு 15 அடி போதும். ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ வாழும் தனி வீடுகளுக்கு இந்த 15 அடி விதியிலிருந்து மாதிரிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்பது அந்தந்த ஊரின் விருப்பம். அடுத்தடுத்த ஊர்களில் வேறு வேறு பேச்சு கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விதி மிக முக்கியமானது. நெருப்பு முழுவதும் அணையும் வரையில் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தோட்டக் குழாயோ, தண்ணீர்ப் பீப்பாயோ, மணலோ, தீயணைப்புக் கருவியோ கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சில ஊர்கள் கடிகாரத்தையும் பார்க்கின்றன. மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் காலை 9 மணி முதல் இரவு 10 மணி வரையில்தான் இந்த நெருப்புக்கு இடம் உண்டு. பத்து மணிக்கு மேல் கதை சொல்ல வேண்டுமானால் வீட்டுக்குள்ளே போய்ச் சொல்ல வேண்டியதுதான்!

நியூயார்க்கில் கூடாது!

நியூயார்க் நகரத்துக்குள் கதை வேறு. அங்கே கொல்லைப்புறத்தில் விறகு எரிக்கும் நெருப்புக் குழிக்கு அனுமதியே இல்லை. சமையலுக்குக் கரி அடுப்பு வைக்கலாம். அதுவும் தீப்பற்றக் கூடிய எந்தப் பொருளுக்கும் 10 அடி தள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும்.

காரணம் வெளிப்படை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தீ என்றால் தெருவே கலங்கும்.

நகர எல்லையைத் தாண்டுங்கள். அதே நியூயார்க் மாநிலத்தின் பொதுச் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. 3 அடி உயரம், 4 அடி அகலத்துக்குள் சிறு நெருப்பு மூட்டலாம். கரியோ, காய்ந்த சுத்தமான விறகோ மட்டுமே எரிக்க வேண்டும். அணையும் வரை ஆள் இருக்க வேண்டும். உள்ளூர்ச் சபை தடை செய்திருந்தால் மட்டும் கூடாது.

ஆனால் குப்பையை எரிப்பது? அது அந்த மாநிலம் முழுவதும் தடை.

பாஸ்டனும் பக்கத்து ஊர்களும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோட்டத்துக் கிளைகளையும் சுள்ளிகளையும் எரிப்பதற்குத் தனிச் சட்டம். ஜனவரி 15 முதல் மே 1 வரையில்தான் எரிக்கலாம். காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் கூடாது. குடியிருக்கும் வீடுகளுக்கு 75 அடி தள்ளி எரிக்க வேண்டும். ஊர்த் தீயணைப்பு அதிகாரியின் அனுமதியும் வேண்டும்.

இந்தச் சலுகையும் எல்லா ஊருக்கும் இல்லை. பாஸ்டன், கேம்பிரிட்ஜ், சாமர்வில், நியூட்டன், வூஸ்டர் உட்பட 22 ஊர்களில் அறவே தடை. நெருக்கமான ஊர்கள் அவை. அந்த எல்லைக்கு வெளியே ஒருவர் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு சுள்ளியை எரிக்கிறார். எல்லைக்கு உள்ளே இருப்பவர் அதே சுள்ளியை எரித்தால் சட்டம் குறுக்கே நிற்கிறது.

இரண்டு நகரங்களின் சண்டை

இந்த நெருப்புக்காக அண்டை நகரங்கள் இரண்டு மோதிக்கொண்ட கதை ஒன்று உண்டு.

கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்சுக்குத் தெற்கே, கடற்கரையில் இரண்டு நகரங்கள். ஒன்று ஹன்டிங்டன் பீச். மற்றொன்று நியூபோர்ட் பீச். நடுவே சான்டா அனா ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நகரம். இந்தப் பக்கம் ஒரு நகரம்.

இரண்டு கடற்கரையிலும் பொதுமக்களுக்காக நெருப்பு வளையங்கள் பல காலமாக இருந்தன. தொலைவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். விறகு கொண்டுவந்து மூட்டுவார்கள். உணவை வாட்டிச் சாப்பிட்டுவிட்டு அலைகளைப் பார்த்திருப்பார்கள். கடற்கரையில் வீடு வாங்க முடியாதவர்களுக்கு அது செலவில்லாத சந்தோஷம்.

ஆனால் நியூபோர்ட் பீச்சில், கரையை ஒட்டியே வீடுகள். "இரவெல்லாம் புகை வருகிறது, ஜன்னலைத் திறக்க முடியவில்லை" என்பது வீட்டுக்காரர்களின் முறையீடு. அந்த நகரசபை வளையங்களை எடுத்துவிட விரும்பியது. ஏறக்குறைய 60 வளையங்கள்.

ஹன்டிங்டன் பீச் எதிர்த்தது. நெருப்பு வளையத்துக்காகத்தான் ஜனங்கள் வருகிறார்கள், அது ஊரின் அடையாளம், வருமானமும் அதனால்தான் என்று அந்த நகரம் வாதாடியது.

வழக்கு காற்றின் தரத்தைக் கவனிக்கும் வட்டார வாரியத்துக்கு முன் வந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஓட்டெடுப்பு. புதிய விதிக்கு ஆதரவாக 7 பேர். எதிராக 6 பேர். ஒரே ஓட்டு வித்தியாசம்!

விதி இதுதான்: நெருப்பு வளையம் குடியிருப்பிலிருந்து 700 அடி தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் இல்லையென்றால் வளையங்களை ஒன்றுக்கொன்று 100 அடி விலக்கி வைக்க வேண்டும். பதினைந்துக்கு மேல் வளையம் இல்லாத ஊருக்கு 50 அடி இடைவெளி போதும். புகை ஒரே இடத்தில் திரளாமல் பரவிப் போகட்டும் என்பதே நோக்கம்.

நியூபோர்ட் பீச் 2014-இல், "விறகு வேண்டாம், கரி மட்டும்" என்றது. அதற்கும் ஆட்சேபம் எழுந்தது. பிறகு சில வளையங்களில் விறகுக்கும் இடம் விடப்பட்டது.

இதில் யார் பக்கம் நியாயம்? வெளியூரிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்த தந்தை பக்கமா? மூச்சு முட்டப் படுத்திருக்கும் கரையோரத்துக் கிழவி பக்கமா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் ஒரே ஓட்டில் முடிந்தது.

புகை செய்யும் பகை

"விறகுப் புகைதானே! நம் பாட்டி காலமெல்லாம் அந்தப் புகையில்தானே சமைத்தாள்?" என்று சிலர் நினைக்கலாம். சமைத்தாள்; இருமவும் செய்தாள்.

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். இந்தத் துகள்கள் இரண்டரை மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு! மூக்கிலே தங்காமல் நுரையீரலின் ஆழத்துக்கே போய்விடும். குழந்தைகள், முதியவர்கள், கருவுற்ற தாய்மார்கள், ஆஸ்துமா நோயாளிகள், இதய நோயாளிகள் ஆகியோருக்கு இதனால் தீங்கு அதிகம்.

காற்று அசையாத குளிர்கால இரவில் இந்தப் புகை மேலே போகாது. தரையை ஒட்டியே தங்கும். நம் வீட்டுப் புகை நம்மைவிட அடுத்த வீட்டாரைத்தான் அதிகம் வாட்டும்.

இதற்காக சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேறொரு வழி கண்டார்கள். அங்கே ஒன்பது மாவட்டங்களுக்கு ஒரே காற்று வாரியம். 2008-இல் அது ஒரு விதி செய்தது. காற்று கெட்டிருக்கும் நாளை வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும். அன்று வீட்டுக்குள்ளும் விறகு எரிக்கக் கூடாது. கொல்லையிலும் எரிக்கக் கூடாது. முதலில் குளிர்காலத்துக்கு மட்டும் இருந்த இந்த விதி, 2019-இல் ஆண்டு முழுவதற்கும் நீட்டப்பட்டது.

மீறினால்? முதல் முறை 100 டாலர் அபராதம், அல்லது புகையின் தீமையைப் பற்றி ஒரு பாடம் படிக்க வேண்டும். இரண்டாம் முறை 500 டாலர்.

காற்றுக்கு நகர எல்லை தெரியாதே! அதனால் ஒன்பது மாவட்டமும் சேர்ந்து ஒரே விதிக்குக் கட்டுப்படுகின்றன.

எதை எரிக்கலாம்?

எல்லை மாறினாலும் மாறாத விதி ஒன்று உண்டு. காய்ந்த, சுத்தமான விறகை மட்டும் எரிக்க வேண்டும்.

ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக் எல்லாம் நச்சுப் புகையைக் கக்கும். பழைய வேலிப் பலகை இன்னும் மோசம். கரையான் அரிக்காமல் இருக்க அமெரிக்காவில் முன்பு மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். ஆர்செனிக் என்பது பாஷாணம். வீட்டு உபயோகத்துக்கான மரத்தில் அந்த மருந்தைப் போடுவது 2003-ஆம் ஆண்டு முடிவோடு நின்றது. ஆனால் அதற்கு முன்பு நட்ட வேலிகள் இன்னும் நிற்கின்றன. அந்தப் பலகையை எரித்தால் சாம்பலிலும் பாஷாணம் இருக்கும்.

அங்கே வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் போகிப் பண்டிகையன்று இதை நினைவில் வைக்க வேண்டும். நெருப்புக் குழி இருக்கிறதே என்று பழைய பாயையும் கிழிந்த துணியையும் அதில் போட்டால், அது சட்டத்தின் கண்ணில் குளிர்காயும் நெருப்பு ஆகாது. குப்பை எரித்த குற்றம் ஆகிவிடும்.

விறகில் ஒளிந்து வரும் பூச்சி

விறகை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்றும் சட்டம் கேட்கிறது!

ஆசியாவைச் சேர்ந்த பச்சை நிற வண்டு ஒன்று 2002-இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு 'ஆஷ்' என்ற மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து மரத்தையே சாகடித்துவிடும். வண்டு தானாக அதிக தூரம் பறப்பதில்லை. மனிதர்கள் வெட்டிக்கொண்டு போன விறகுக்குள் ஒளிந்து ஊர் ஊராகப் போனது. கோடிக்கணக்கான மரங்கள் மடிந்தன.

அதனால் நியூயார்க் மாநிலத்தில், சூடேற்றிப் பூச்சி நீக்காத விறகை 50 மைலுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. எரிக்கும் ஊரிலேயே விறகை வாங்கு என்பதுதான் இதன் பொருள்.

மறுநாள் காலை

பெற்றோர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

ஜுவாலை தெரியும் வரையில் குழந்தை கிட்டே போகாது. தாயும் விடமாட்டாள். ஆபத்து மறுநாள் காலையில்தான். குழியில் சாம்பல் மட்டும் தெரியும். சாம்பலுக்கு அடியில் கங்கு உயிரோடு இருக்கும். விளையாட ஓடிவரும் குழந்தை அதில் கால் வைத்துவிடும். தடுமாறி விழுந்தால் கையை ஊன்றிவிடும்.

பலர் மண்ணைப் போட்டு மூடிவிட்டு, "அணைந்துவிட்டது" என்று போய்விடுகிறார்கள். பரவும் தீயை அடக்க மண் உதவும். ஆனால் சூட்டை அது உள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும். பல மணி நேரம் கழித்தும் அந்த மண் சுடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சரியான முறை என்ன? தண்ணீரை ஊற்ற வேண்டும். கோலால் கிளற வேண்டும். மறுபடி ஊற்ற வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் நிற்கும் வரை ஊற்ற வேண்டும். பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு அருகே காட்டிப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை என்று அர்த்தம்.

குழியைச் சுற்றி அடுக்க ஆற்றுக் கல்லைக் கொண்டுவரவும் கூடாது. கல்லுக்குள் ஊறிய ஈரம் சூட்டில் ஆவியாகும். கல் வெடித்துச் சிதறும்.

மேசை மேல் ஆபத்து

கொல்லைப்புறம் இல்லாதவர்களுக்காகக் கடைகளில் சிறிய நெருப்புச் சட்டிகள் வந்தன. மேசை மேலேயே வைக்கலாம். விறகு வேண்டாம், சாராயம் போன்ற திரவத்தை ஊற்றிப் பற்ற வைத்தால் போதும்.

பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் திரவத்தின் ஜுவாலை சில சமயம் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால் தீ புட்டிக்குத் தாவி, எதிரே இருப்பவர் மேல் பாயும். 2019 முதல் இவற்றால் 2 பேர் இறந்தார்கள், குறைந்தது 60 பேர் காயமடைந்தார்கள் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் எச்சரித்தது. சட்டியில் திரவத்தைத் தேக்கி எரிக்கும் இந்த வகையை வாங்கவும் வேண்டாம், உபயோகிக்கவும் வேண்டாம் என்றும் சொன்னது.

எத்தனை சிறிய நெருப்பானாலும் நெருப்பு நெருப்புதான்.

பற்ற வைக்கும் முன்...

அமெரிக்காவில் குடியேறிய மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர் இன்று பலர் இருக்கிறார்கள். அங்கே கொல்லையில் ஒரு மாலை நெருப்பு மூட்ட நேர்ந்தால் என்ன செய்வது? "பக்கத்து ஊரில் மூட்டினார்களே" என்பது அங்கே செல்லாது. தங்கள் ஊர்ச் சட்டம் எதுவென்று அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தைக் கேட்டால் சொல்வார்கள். இன்றைக்குக் காற்று எப்படி, எரிக்கத் தடை உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் எத்தனை விதமாக இருந்தாலும் அது கேட்கும் கேள்விகள் நான்குதான்.

எவ்வளவு தூரத்தில் மூட்டுகிறாய்? எதை எரிக்கிறாய்? யார் காவல் இருக்கிறார்கள்? புகை யார் வீட்டுக்குப் போகிறது?

முதல் மூன்று கேள்விக்கும் அளவு உண்டு, கணக்கு உண்டு. நான்காவது கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே கைக்குழந்தை இருக்கலாம். இருமலோடு ஒரு பெரியவர் படுத்திருக்கலாம்.

"இன்று மாலை கொஞ்சம் நெருப்பு மூட்டப் போகிறோம். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். வேண்டாம் என்றால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். சரி என்றால், அவர்களுக்கும் ஒரு நாற்காலியை எடுத்துப் போடலாம்.

தண்ணீர் வாளியை மட்டும் மறக்க வேண்டாம்.